ரெடி மாட்யூலா, சிப்பை நேரா போர்டுல ஏத்தறதா? வெளிநாட்டுக்கு விக்கறவங்க பாக்க வேண்டிய கணக்கு

கிண்டி, அம்பத்தூர் பக்கம் சின்ன டீமா வைஃபை சென்சார், ப்ளூடூத் லாக்னு பண்றவங்க முதல்ல பாக்கறது பாகங்களோட விலைய தான், ரேடியோ சிப், அதுக்கு வேண்டிய சர்க்யூட் எல்லாம் ஒண்ணா சேத்து அப்ரூவலோட வர்ற ரெடி மாட்யூல விட, சிப்பை நேரா போர்டுல போட்டா பீஸுக்கு கொஞ்சம் மிச்சம்னு. அமெரிக்கா, ஐரோப்பால விக்கணும்னா அந்தக் கணக்கு பத்தாதுங்க.

சிப் வழில போனா எஃப்சிசி (அமெரிக்க தகவல் தொடர்பு ஆணையம்) பார்ட் 15 விதிப்படி ரேடியோ டெஸ்ட் மொத்தமும் உங்க தலையில. லேப்ல டெஸ்ட் பண்ணி, டிசிபி (எஃப்சிசி சார்பா சான்று குடுக்கற அமைப்பு) கிட்ட ரிப்போர்ட் குடுத்து, உங்க பேர்ல எஃப்சிசி ஐடி வாங்கணும், நடுவுல ஹார்மோனிக்ஸ் (சிக்னலோட மடங்கு அலைவரிசைல கசியற அலை) லிமிட்ட தாண்டிடுச்சுன்னா ஆன்டெனாவுக்குப் போற மேட்சிங் சர்க்யூட்ட மாத்தி புது போர்டு அடிச்சு திரும்ப லேபோட டெஸ்ட் சேம்பருக்கு போகணும். ஆர்எஃப் (ரேடியோ சர்க்யூட் டிசைன்) நல்லா தெரிஞ்ச ஆள் இல்லாம இதுல இறங்காதீங்க.

மாட்யூல்னா, ஈஎஸ்பி32-வ்ரூம் மாதிரி ஒண்ண கையில எடுத்துப் பாருங்க, மேல சின்ன தகர மூடி, அதுலயே எஃப்சிசி ஐடி பொறிச்சிருக்கும். மாட்யூலுக்கு தனியா கிடைக்கற மாடுலர் அப்ரூவலுக்கு ஷீல்டிங் (அலை கசியாம மூடறது) ஒரு நிபந்தனை, அந்த மூடி அதுக்கு தான். உங்க பாக்ஸ்ல "கன்டெயின்ஸ் எஃப்சிசி ஐடி"ன்னு அந்த நம்பர போட்டா ரேடியோ வேலை பெரும்பாலும் முடிஞ்சது.

இங்க தான் நிறைய பேர் சறுக்கறாங்க. ப்ராசசர், பவர் சப்ளை இதெல்லாம் கிளப்பற இரைச்சலுக்கு தனியா டெஸ்ட் பண்ணி எஸ்டிஓசி (விதிப்படி இருக்குன்னு நீங்களே குடுக்கற உறுதிமொழி) குடுக்கணும், அதுக்குப் பொறுப்பேத்துக்க அமெரிக்காவுலயே ஒருத்தர் வேணும். மெட்டல் கேஸ்ல சிக்னல் வரலன்னு ஆன்டெனாவ மாத்தினா இன்னும் சிக்கல்: அதே வகை ஆன்டெனாவா, கெயின் (சிக்னல ஒரு பக்கமா குவிக்கற அளவு) அதே அளவோ கம்மியோன்னா பரவால்ல, வேற வகைன்னா அப்ரூவலையே திருத்தணும். ரெண்டு மாட்யூல் ஒரே நேரத்துல டிரான்ஸ்மிட் பண்ணா அதுக்கும் தனி மதிப்பீடு உண்டு.

ஐரோப்பால மாட்யூலோட பலம் பாதி தான். 2014/53/ஈயூ ரேடியோ டைரக்டிவ்ல முழு பொருளுக்கும் தயாரிப்பாளர் தான் பொறுப்பு. மாட்யூல் கம்பெனியோட ஈஎன் 300 328 (2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கான ஐரோப்பிய தரம்) ரிப்போர்ட்ல கொஞ்சம் எடுத்துக்கலாம், ஆனா இஎம்சி (மின்காந்த இடையூறு) டெஸ்ட்ட உங்க பாக்ஸோட பண்ணி ஆகணும். 2025 ஆகஸ்ட் 1ல இருந்து இன்டர்நெட்ல பேசற டிவைஸுக்கு சைபர் செக்யூரிட்டி விதியும் சேந்துடுச்சு, உங்க ஃபர்ம்வேர்ல (டிவைஸுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) பாஸ்வேர்ட் ஒழுங்கா இருக்கான்னு மாட்யூல் பேப்பர் சொல்லாது.

லோரா (ரொம்ப தூரம் போற, கம்மி பவர் ரேடியோ) போடறவங்க அலைவரிசை பேண்ட கட்டாயம் பாருங்க. நம்ம ஊர்ல 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம், அமெரிக்கால 902-928. இங்க வாங்கின ஈடிஏ (இந்திய ரேடியோ அனுமதி) அங்க செல்லாது, அந்த பேண்ட் மாட்யூலே வேற.

என் ஓட்டு மாட்யூலுக்கு தான், ஆர்டர் பல்லாயிரத்த தொடற வரைக்கும். ரேடியோ டெஸ்ட்ல மிச்சமாகற காசுல வெளிநாட்டு லேபுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி தரமணில இருக்கற சமீர் அரசு லேப்லயோ வேற லேப்லயோ ஒரு ப்ரீ-ஸ்கேன் (முன்னோட்ட டெஸ்ட்) பண்ணிடுங்க. பின்னாடி சிப்புக்கு மாறற எண்ணம் இருந்தா, அதே சிப் உள்ள இருக்கற மாட்யூலா பாத்து ஆரம்பிங்க, ஃபர்ம்வேர பெருசா மாத்தாமலே ஓட்டிடலாம்.