அலாய் மாத்தின அப்புறம் அணையாத டயர் பிரஷர் லைட்டு: ப்ரோக்ராம் பண்ற சென்சார் செட்டும் டூலும், எட்டு மாச அனுபவம்

ஸ்போர்ட்ஸ் காருக்கு வெளியில வாங்குன அலாய் வீல் போட்டவங்க நிறைய பேருக்கு வர்ற முதல் தலைவலி இந்த மஞ்ச லைட்டு தான், லாடத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்ட மாதிரி ஒண்ணு டேஷ்போர்டுல வந்து உக்காந்துக்கும், என்ன பண்ணாலும் போகாது. எனக்கும் வந்துச்சு. அதுக்காக நான் வாங்குனது நாலு ப்ரோக்ராமபிள் சென்சார் (ரிம்முக்குள்ள உக்காந்து டயர் காத்தழுத்தத்த ரேடியோல வண்டிக்கு சொல்றது), கூடவே அதுக்குள்ள நம்ம வண்டிக்கான விவரத்த எழுதறதுக்கு கையில பிடிக்கற டூல் ஒண்ணு. எட்டு மாசம் ஓட்டிட்டேன், தாராளமா வாங்கலாம்னு சொல்வேன், ஆனா டயர ரிம்முல ஏத்தறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய ஒரு வேலை இருக்கு, அத விட்டுட்டா எவ்ளோ நல்ல சென்சார் வாங்குனாலும் காசு தண்டம். அந்த வேலைக்காக தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

என் வண்டி ரெண்டு டோர் கூப்பே, ரியர் வீல் டிரைவ். 17 இன்ச்ல இருந்து 18க்கு போனேன், முன்னாடி எட்டரை இன்ச் அகலம், பின்னாடி ஒம்பதரை. டயர் கடையில பழைய சென்சார கழட்டி புது ரிம்முல போடுங்கன்னு தான் கேட்டேன், அவங்க இதுக்கு ஏழு வருஷம் ஆச்சு, பேட்டரி எப்ப வேணா போயிடும், புதுசு போட்டுக்கோங்கன்னாங்க. அது நியாயமான பேச்சு தான், உள்ள இருக்கற பேட்டரி 5 வருஷத்துல இருந்து 10 வருஷம் வரைக்கும் தான் தாங்கும், மேல பிசின் ஊத்தி மூடிடறதால பேட்டரிய மட்டும் மாத்த வழியில்ல. சரின்னு போட்டாச்சு. மறுநாள் ஸ்டார்ட் பண்ணா லைட்டு ஒரு நிமிஷத்துக்கு மேல மினுக் மினுக்குன்னு அடிச்சுது, அப்புறம் நின்னு எரிய ஆரம்பிச்சுது. போன் பண்ணி கேட்டேன், "ஓட்டுங்க சார், ஓட ஓட அதுவே போயிடும்"னாங்க. சில வண்டி நெஜமாவே ஓட்டுனா புது சென்சார தானா கத்துக்கும், அதனால நானும் நம்பிட்டேன்.

இங்க தான் எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இருக்கு. லைட்டு ஸ்டார்ட் பண்ண உடனே மினுக்கி அப்புறம் நின்னு எரிஞ்சா சிஸ்டத்துல கோளாறுன்னு அர்த்தம், சென்சார் பேசறது வண்டிக்கு கேக்கல. மினுக்காம நேரா எரிஞ்சா ஏதோ ஒரு டயர்ல காத்து கம்மி. ரெண்டும் ஒரே லைட்டு, ஆனா வேற வேற சேதி. ஆபத்து என்னன்னா முதல் கோளாறு இருக்கற வரைக்கும் ரெண்டாவது சேதி வரவே வராது, ஏற்கெனவே எரிஞ்சுட்டு இருக்கற லைட்டு புதுசா எத சொல்லும்?

எனக்கு நடந்ததும் அது தான். மூணாவது வாரம், ஹைவேல ஒரு மணி நேரம் ஓட்டிட்டு இறங்கி சும்மா டயர் மேல கைய வெச்சேன், மூணு டயரும் வெதுவெதுன்னு இருந்துச்சு, பின்னாடி வலது பக்கம் மட்டும் பக்கவாட்டுல கை வெக்க முடியாத சூடு. கேஜ் வெச்சு பாத்தா, அந்த சூட்டுலயும் 24 பிஎஸ்ஐ தான், அங்க இருக்க வேண்டியது 35. கண்ணால பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியல, லோ ப்ரொஃபைல் டயர்ல இது தான் பயங்கரம், பக்கச் சுவர் குட்டையா விறைப்பா இருக்கறதால காத்து இறங்குனாலும் உப்பிக்கிட்டு நிக்காது, பாக்க நல்லா தான் இருக்கும், உள்ள வெந்துட்டு இருக்கும். காத்து அடிச்சுட்டு வீட்டுக்கு வந்து வால்வு அடியில சோப்புத் தண்ணி விட்டேன், குண்டூசித் தலை அளவுக்கு குமிழி ஒண்ணு ஒண்ணா வந்து உடைஞ்சுட்டே இருந்துச்சு. நட்ட சரியா முடுக்கல, அவ்ளோ தான் விஷயம். ஆனா அத சொல்ல வேண்டிய லைட்டு மூணு வாரமா வேற காரணத்துக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சு.

அன்னிக்கு தான் டூல் ஆர்டர் பண்ணேன். வந்த உடனே முதல் வேலையா ஒவ்வொரு வால்வு பக்கத்துலயும் பிடிச்சு ரீட் பண்ணேன், நாலு சென்சாரும் உயிரோட தான் இருக்கு, ஆனா எல்லாம் பேசற ரேடியோ ஃப்ரீக்வன்சி 315 மெகாஹெர்ட்ஸ். என் வண்டி கேக்கறது 433. வட அமெரிக்கா, ஜப்பான் வண்டிகள்ல பெரும்பாலும் 315, ஐரோப்பாவுக்கும் இன்னும் பல நாடுகளுக்கும் போற வண்டியில 433, ஒரே மாடல் கார் கூட எந்த நாட்டுக்காக செஞ்சதுங்கறத பொறுத்து மாறும். உருவம், வால்வு, ஸ்க்ரூ எல்லாம் ஒண்ணா இருக்கறதால பாத்து கண்டுபிடிக்க முடியாது. ஓட ஓட என்ன, ஆயுசுக்கும் ஓட்டியிருந்தாலும் அது போயிருக்காது.

இப்ப, அதுக்கு பதிலா நான் வாங்கி போட்ட ப்ரோக்ராமபிள் சென்சார் செட்டு பத்தி. ரெண்டு ஃப்ரீக்வன்சியும் இதுலயே வரும், டூல்ல கம்பெனி, மாடல், வருஷம் செலக்ட் பண்ணி சென்சார பக்கத்துல வெச்சா பத்து செகண்டுல எழுதிடும். வால்வு ரப்பர்லயும் வருது, அலுமினியத்துலயும் வருது, வேகமா ஓட்டற வண்டிக்கு நட்டு போட்டு முடுக்கற அலுமினியம் தான் எடுக்கணும். எனக்கு ரொம்ப பிடிச்சது சென்சார் பாடியோட கோணத்த மாத்தி பூட்டலாம்ங்கறது, ஏன்னா வெளி அலாய்ல நடுக்குழி ஆழமா இருக்கும், அந்த ஒம்பதரை இன்ச் ரிம்முல பழைய மாதிரி ஒரே கோணத்துல வர்ற சென்சார் ரிம்முல படாம அந்தரத்துல தொங்கியிருக்கும். இது ஒழுங்கா உக்காந்துச்சு. ஆனா அந்த ஸ்க்ரூவுக்கு நட்சத்திர பிட்டு வேணும், பெட்டிக்குள்ள வெக்கல, கடுப்பா இருந்துச்சு. நட்டுக்கு பேப்பர்ல போட்டிருந்த டார்க் (எவ்ளோ இறுக்கமா முடுக்கணும்ங்கற அளவு) 4 நியூட்டன் மீட்டர், அது ரொம்ப கம்மி, கை பலத்துல முடுக்குனா ஒண்ணு நூல் போயிடும், இல்லன்னா எனக்கு ஆன மாதிரி லூசா நிக்கும், சின்ன டார்க் ரெஞ்சு வெச்சு முடுக்க சொல்லுங்க.

டூலுக்கு வந்தா குறைகள் இருக்கு. வண்டி லிஸ்ட்ட அப்டேட் பண்ண கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு சாயந்திரமே போச்சு. நாலு சென்சாரையும் ஒரே டேபிள்ல வெச்சு எழுதுனா பக்கத்துல இருக்கறது குறுக்க பேசும், மத்த மூணையும் அடுத்த ரூம்ல கொண்டு போய் வெச்சதுக்கப்புறம் தான் ஒழுங்கா வேலை செஞ்சுது, இது பேப்பர்ல எங்கயுமே இல்ல. காப்பி அடிக்கற ஆப்ஷன் ஒண்ணு இருக்கு, பழைய சென்சாரோட ஐடிய, அதாவது அதோட தனி நம்பர, அப்படியே புதுசுல எழுதிடும், வண்டிக்கு மாத்துனதே தெரியாது. சுலபம் தான், ஆனா பழைய வீல் செட்டையும் வெச்சுக்கப் போறீங்கன்னா வேண்டாம், ரெண்டு செட்டும் பக்கத்துல பக்கத்துல வந்தா எது பேசுதுன்னு வண்டியால பிரிச்சு பாக்க முடியாது. நான் புது ஐடி எழுதி ஓபிடி (வண்டியோட கம்ப்யூட்டர் கூட பேசற சாக்கெட்) வழியா வண்டியில பதிஞ்சேன். சில வண்டியில மெனுலயே ரீலேர்ன் (புது சென்சார வண்டிக்கு அறிமுகப்படுத்தறது) இருக்கும், சிலதுல முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடதுன்னு வரிசையா டூல காட்டணும், ஒவ்வொண்ணுக்கும் ஹாரன் அடிக்கும். முன்னாடி ஒரு பிரஷர் பின்னாடி ஒரு பிரஷர் வெக்கற வண்டிக்கு இந்த வரிசை தப்பவே கூடாது.

முதல்ல சொன்ன அந்த வேலை இது தான்: டயர ஏத்தறதுக்கு முன்னாடி நாலு சென்சாரையும் எழுதி, திரும்ப ரீட் பண்ணி, ஐடி, ஃப்ரீக்வன்சி, பேட்டரி மூணும் சரியான்னு பாத்து, ஐடிய போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அஞ்சு நிமிஷ வேலை. அத விட்டா நாலு டயரையும் திரும்ப கழட்டி திரும்ப பேலன்ஸ் பண்ணணும், நான் பண்ணேன். கழட்டும்போது கடைக்காரர் பக்கத்துலயே நில்லுங்க, டயர் ஓரத்த அமுக்கற பிளேடு வால்வு பக்கம் இறங்குனா சென்சார் ரெண்டா போயிடும்.

உங்க வண்டியில ரிம்முக்குள்ள சென்சாரே இல்லாம ஏபிஎஸ் சென்சார் வழியா சக்கரம் சுத்தற வேகத்த வெச்சு கணக்கு போடற டைப்பா இருந்தா இது எதுவும் வாங்காதீங்க, காத்து சரி பண்ணிட்டு ரீசெட் பட்டன அமுக்குனா போதும். காலையில குளிர்ல எரிஞ்சு மத்தியானம் அணைஞ்சா அதுவும் சென்சார் கோளாறு இல்ல, அஞ்சு ஆறு டிகிரி செல்சியஸ் குறைஞ்சா 1 பிஎஸ்ஐ இறங்கும், விளிம்புல நிக்கற டயர் தான் அப்படி காட்டும், வண்டி ஓடாம ஆறியிருக்கும்போது காத்து பிடிங்க.

சென்சார் போட்டாச்சுன்னு கேஜ தூக்கி போட்டுடாதீங்க. அமெரிக்க விதிப்படி, 2007 செப்டம்பர்ல இருந்து புதுசா செய்யற எல்லா சின்ன வண்டிக்கும் இந்த சிஸ்டம் கட்டாயமானது, 25 சதவீதம் இறங்குனா லைட்டு எரிஞ்சாகணும். 35 வெக்க வேண்டிய டயர்ல அது 26 கிட்ட. அதுக்கு முன்னாடி எரிஞ்சே ஆகணும்னு இல்ல, அந்த இடைவெளியில டயர் ஓரம் தேயும், திருப்பத்துல பின்பக்கம் வழுக்கும். இன்னொண்ணு, சென்சாருங்கள எல்லாம் பைப்புக்குள்ள போட்டு காத்தடைச்சு டிக்கில வெச்சுட்டா லைட்டு அணையும்னு ஒரு ஐடியா சுத்துது. தயவு செஞ்சு பண்ணாதீங்க. 1986ல போர்ஷே 959ல இந்த சிஸ்டத்த வெச்சாங்கன்னா, அந்த வேகத்துல டயர் காத்து இறங்குனா ஓட்டறவருக்கு தெரியணும்ங்கறதுக்கு தான். நம்ம வண்டி அவ்ளோ வேகம் போகாம இருக்கலாம், டயர் வெடிச்சா என்ன ஆகும்ங்கறது மாறாது.

போன மாசம் லைட்டு வந்துச்சு, மினுக்கல, நேரா எரிஞ்சுது. அடுத்த பெட்ரோல் பங்குல நிறுத்தி பாத்தேன், பின் இடது 26, ட்ரெட்டுக்கு நடுவுல ஆணித் தலை பளபளன்னு தெரிஞ்சுது. டயர் கையில தொட்டா இன்னும் சூடு ஏறல. கடையில சென்சார் எங்க இருக்குன்னு வால்வ காட்டி நான் சொன்னேன், அவங்க ஆணிய பிடுங்கி உள்பக்கம் பேட்ச் போட்டு ஏத்துனாங்க. கேஜ்ல 35 வெச்சாங்க, டூல பக்கத்துல பிடிச்சேன், அதுலயும் 35.