ரைனோவில் வளைவரைக்கு நிரல் எழுத எந்த வழி ஏற்றது?

ரைனோ என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் கையால் வளைவரை வரைந்து பழகியவர் அதையே நிரலால் வரைய முற்படும்போது மூன்று வழிகள் கிடைக்கின்றன: மைக்ரோசாஃப்டின் விபிஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்படும் பழைய ரைனோஸ்கிரிப்ட், அதன் கட்டளைகளைப் பைத்தானுக்குக் கொண்டுவந்த ரைனோஸ்கிரிப்ட்சின்டாக்ஸ், மென்பொருளின் வடிவியல் நூலகத்தை நேரடியாகக் கையாளும் ரைனோகாமன்.

முதலாவதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. அது விண்டோஸில் மட்டுமே ஓடும்; விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்டும் 2023இல் அறிவித்துவிட்டது.

மற்ற இரண்டில், ரைனோஸ்கிரிப்ட்சின்டாக்ஸ் தொடங்குவதற்கு எளிது. புள்ளிகளைக் கொடுத்து ஆட்கர்வ் என்று ஒரே வரி எழுதினால் திரையில் வளைவரை வந்துவிடும். ஆனால் அது நாம் கொடுத்த புள்ளிகளின் வழியே செல்லாது. அவற்றைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொண்டு அவற்றின் பக்கமாக இழுபட்டு வளையும். புள்ளிகளின் வழியே செல்ல வேண்டுமானால் ஆட்இன்டர்ப்கர்வ் என்று எழுத வேண்டும். ரைனோகாமனில் இந்தக் குழப்பமே எழாது. கிரியேட்கன்ட்ரோல்பாயின்ட்கர்வ், கிரியேட்இன்டர்போலேட்டட்கர்வ் என்று பெயரே வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. பெயர் நீளம்தான், ஆனால் கற்பவருக்கு அந்த நீளம் ஒரு பாடம் என்றே கருதுகிறேன்.

மாடிப்படியின் கைப்பிடிக்குக் கீழே சம இடைவெளியில் கம்பிகள் நிறுத்துவதை எடுத்துக்கொள்வோம். திறந்த வளைவரையைப் பத்தாகப் பிரித்தால் 11 இடங்கள் கிடைக்கும். ரைனோஸ்கிரிப்ட்சின்டாக்ஸின் டிவைட்கர்வ் இயல்பாகவே புள்ளிகளைத் தருகிறது. ரைனோகாமனின் டிவைட்பைகவுன்ட் அந்த இடங்களின் பாராமீட்டர் மதிப்புகளை, அதாவது வளைவரையில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்களை, தருகிறது. முதலில் பார்க்கும்போது புள்ளிகளே வசதியாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கம்பியும் வளைவரையின் போக்கிற்கேற்பத் திரும்பி நிற்க அந்த இடத்தின் தொடுகோடு தேவை. தொடுகோட்டைக் கேட்கப் பாராமீட்டர்தான் வேண்டும். டிவைட்கர்விலும் கடைசி உள்ளீட்டை மாற்றினால் அதைப் பெறலாம் என்பது பலர் கவனிக்காத செய்தி. எந்த வழியில் எழுதினாலும், பாராமீட்டரின் நடுமதிப்பு நீளத்தின் நடுப்புள்ளியாக இருக்க வேண்டியதில்லை என்பதை மறக்கலாகாது.

இதைவிட ஆழமான வேறுபாடு, வளைவரை எங்கே இருக்கிறது என்பதில் உள்ளது. ரைனோஸ்கிரிப்ட்சின்டாக்ஸில் நம் கையில் இருப்பது ஓர் அடையாள எண் மட்டுமே. வளைவரை கோப்புக்குள் இருப்பதால், கணக்கின் நடுவே உருவாகும் துணைக்கோடுகளும் அங்கேயே சேர்கின்றன. அவற்றை நாமே தேடி அழிக்க வேண்டும். ரைனோகாமனில் வளைவரை நினைவகத்தில் இருக்கும்; வேண்டியதை மட்டும் முடிவில் கோப்பில் சேர்க்கலாம். அந்தக் கடைசி வரியை மறந்தால் பிழைச்செய்தி எதுவுமின்றித் திரை வெறுமையாக இருப்பது புதியவரைத் திகைக்க வைக்கும். ஆயினும் நூற்றுக்கணக்கான வளைவரைகளை வெட்டியும் இணைத்தும் வேலை செய்பவருக்கு இதுவே சரியான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை.

முதல் சில வாரங்கள் ரைனோஸ்கிரிப்ட்சின்டாக்ஸில் எழுதிவிட்டு, துணைக்கோடுகளை அழிக்கும் வரிகள் நிரலில் பெருகத் தொடங்கியதும் ரைனோகாமனுக்கு மாறலாம். எழுதியவற்றைத் தூக்கியெறியத் தேவையில்லை. கோயர்ஸ்கர்வ் என்ற ஒரே கட்டளை அந்த அடையாள எண்ணை ரைனோகாமன் வளைவரையாக மாற்றிக் கொடுப்பதால், இரண்டையும் ஒரே நிரலில் எழுதலாம்.