"டார்ச் அடித்துப் பார்த்த கருமுட்டை" என்று விற்றால் வாங்காதீர்கள்

சித்திரையில் குஞ்சு பொரிக்க அறுபது சிறுவிடை (நாட்டுக்கோழியில் ஒரு வகை) முட்டை வாங்கி ஏமாந்துவிட்டேன். ஒரு முட்டை 30 ரூபாய், பார்சல் கூலி தனி. பணம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "உங்க மிஷின்தான் சரியில்லக்கா" என்று விற்றவர் பழியை என் மேலேயே போட்டதைத்தான் தாங்க முடியவில்லை. என்னைப் போல வீட்டில் சின்ன இன்குபேட்டர் மிஷின் வைத்துக் குஞ்சு எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். இருட்டில் முட்டைக்கு அடியில் டார்ச் வெளிச்சம். உள்ளே சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள், நடுவில் துடிக்கும் ஒரு கரும்புள்ளி. பார்த்தாலே மனசு நிறைந்துவிடும். "எல்லாமே இப்படி டார்ச் அடிச்சு, கரு இருக்கான்னு பார்த்து எடுத்ததுதான்க்கா. நூத்துக்குத் தொண்ணூறு பொரிக்கும்" என்றார். நம்பிப் பணம் போட்டேன்.

இந்தப் பேச்சே பொய் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. புது முட்டையில் டார்ச் அடித்தால் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை தெரியும். ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் தெரியும். மஞ்சள் கரு நிழலாக ஆடும். சேவல் சேர்ந்து இட்டதா, சேராமல் இட்டதா என்பது மட்டும் தெரியவே தெரியாது. 37.5 டிகிரிச் சூட்டில் நாலைந்து நாள் இருந்த பிறகுதான் நரம்பு கண்ணுக்குப் படும். அப்படி நரம்பு ஓடிய முட்டையைச் சூட்டிலிருந்து எடுத்து இரண்டு நாள் பார்சலில் போட்டால் உள்ளே இருக்கும் உயிர் என்ன ஆகும்? ஆகவே பார்சலில் வரப்போகும் முட்டையை "கரு பார்த்து எடுத்தது" என்று யார் சொன்னாலும் அது உண்மையாக இருக்க வழியில்லை.

பார்சல் வந்தபோது மூன்று முட்டை உடைந்திருந்தது. மிச்சம் 57. கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் முழுக்க அசையாமல் வைத்தேன். அப்போதே டார்ச் அடித்தும் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட முட்டைகளில் காற்றறை ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இருந்தது. அன்று காலை எங்கள் கோழி இட்ட முட்டையில் அது ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். முட்டை பழசாகப் பழசாக ஈரம் வற்றிக் காற்றறை பெருகும். ஒரு வாரத்துக்கு மேல் வைத்த முட்டையில் பொரிப்பு குறைந்துகொண்டே போகும். அதுவும் சித்திரை வெயிலில் கிடந்தால் சொல்லவே வேண்டாம். அன்றைக்கே போட்டோ எடுத்துத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

நல்ல வேளையாக ஒன்று செய்தேன். எங்கள் கோழிகளின் முட்டை 14ஐயும் பென்சிலால் அடையாளம் போட்டு, மிஷினில் அவற்றோடு அதே தட்டில் அடுக்கினேன்.

ஏழாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு நானும் அத்தையும் உட்கார்ந்தோம். எங்கள் 14இல் 13இல் நரம்பு பளிச்சென்று ஓடியது. அவர் அனுப்பிய 57இல் 11தான் உயிரோடு இருந்தது. எட்டில் நரம்பே இல்லை; மஞ்சள் கருவைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் மட்டும். கரு தொடங்கி இரண்டு மூன்று நாளில் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். மிச்சம் 38உம் கண்ணாடி மாதிரி வெறும் மஞ்சள் வெளிச்சம். கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் உள்ளங்கையைக் குவித்து முட்டை பார்த்துப் பழகியவர் அத்தை. "கூமுட்டைடி இது. சேவலே இல்லாத வீட்டு முட்டை" என்று ஒவ்வொன்றாக ஓரம் வைத்தார்.

போன் போட்டேன். "மிஷின்ல சூடு ஏறி இறங்கியிருக்கும்க்கா" என்றார். அதே தட்டில் எங்கள் முட்டை வளர்கிறதே தம்பி என்றேன். "அப்ப பார்சல்ல குலுங்கியிருக்கும்" என்றார். சரி, குலுங்கினால் கரு சாகும், உண்மைதான். ஆனால் சேவல் சேர்ந்த முட்டை கருவே இல்லாத முட்டையாக மாறிவிடாதே!

மறுநாள் அந்த 38ஐயும் ஒவ்வொன்றாகத் தட்டில் உடைத்துப் பார்த்தோம். கரு கூடி ஆரம்பத்திலேயே செத்திருந்தால் மஞ்சள் கருவின் மேல் வெள்ளையாக ஒரு படலம் அகலமாகப் பரவியிருக்கும். டார்ச்சில் அதுவும் வெறும் முட்டை மாதிரிதான் தெரியும் என்பதால்தான் உடைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அப்படி இருந்தது மூன்றே மூன்று. மற்ற 35இலும் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று மட்டும், வளையம் கிடையாது, பரவல் கிடையாது. போட்டோவும் வீடியோவும் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நேரில் போய் வாங்குங்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலாவது கூட்டத்தில் திரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். முட்டை இட்ட தேதியைக் கேளுங்கள். வீட்டு முட்டை நாலையாவது சேர்த்து வையுங்கள், அப்புறம் மிஷின் மேல் யாரும் பழி போட முடியாது. ஏழாம் நாள் ஒதுக்கியதை உடைத்துப் பார்க்காமல் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மிஷினுக்குள்ளேயும் விட்டு வைக்காதீர்கள்; அழுகி வெடித்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல முட்டையும் போய்விடும்.

21ஆம் நாள் எங்கள் முட்டையில் 12 குஞ்சு, அவருடையதில் 7.

போன வாரம் என் நாத்தனாருக்கு வேறொரு நம்பரிலிருந்து, வேறொரு பண்ணைப் பெயரில் அதே வீடியோ வந்திருக்கிறது. முட்டையைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் நகம் பாதி கறுத்திருக்கும், ஓட்டின் மேல் பென்சிலில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அது உங்களுக்கும் வந்தால் பணம் போடாதீர்கள்.