பக் டிராக்கரை வாடகைக்கு எடுக்கும் கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்கு ஓர் எச்சரிக்கை

மதுரைப் பக்கம் கட்டற்ற மென்பொருள் செய்கிற குழுக்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். "சர்வர், பக் டிராக்கர், டொமைன், பேக்கப் எல்லாத்தையும் நாங்களே பாத்துக்கிறோம், வருஷத்துக்கு ஒரே தொகை" என்று ஒரு உள்ளூர் நிறுவனம் உங்களிடமும் வரலாம். (பக் டிராக்கர் என்பது மென்பொருளில் வரும் கோளாறுகளையும் அவற்றைச் சரிசெய்த விதத்தையும் பதிந்துவைக்கும் தளம்.) புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. எங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எங்களுடையது. எத்தனை கிலோ மல்லி, அன்றைய விலை, கமிஷன், முன்பணத்தில் கழிவு, அவ்வளவுதான் கணக்கு. கஷ்டமெல்லாம் தமிழில் அச்சடிப்பதில். சின்ன தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது, பில்லைப் படமாக்கித்தான் அனுப்ப வேண்டும். 58 மி.மீ. தாள் என்றால் பொதுவாக 384 புள்ளி அகலம். அதைத் தாண்டினால் தொகையின் கடைசி இலக்கம் ஓரத்தில் வெட்டுப்படும். எழுத்துகளைக் கோக்கும் இடத்தில் கோளாறு இருந்தால், 'செவ்வந்தி'யின் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். எந்தப் பிரிண்டரில் எது கெடுகிறது, எப்படிச் சரிசெய்தோம் என்பதெல்லாம் கடைப் பையன்கள் அனுப்பிய பில் போட்டோக்களோடு பக் டிராக்கரில்தான் இருந்தது. எங்களுக்கு நிரலைவிட அதுதான் சொத்து.

அந்த நிறுவனம் "எங்க சொந்த புராடக்ட்" என்று கொடுத்தது ரெட்மைன் என்ற பக் டிராக்கர். யார் வேண்டுமானாலும் இலவசமாக நிறுவிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள். அடியில் இருந்த பெயரை மறைத்துவிட்டுத் தங்கள் லோகோவை ஒட்டியிருந்தார்கள். அதைக்கூடப் பெரிதுபடுத்த மாட்டேன், நிறுவிப் பராமரிப்பதற்குக் கூலி வாங்குவது நியாயம்தான். ஆனால் பில்லில் 'டெய்லி பேக்கப்' என்று தனி வரியே போட்டு அதற்கும் காசு வாங்கியிருந்தார்கள்.

சித்திரைத் திருவிழா சமயத்தில், அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம், தளம் படுத்துவிட்டது. போன் எடுக்க ஆள் இல்லை. திருவிழா முடிந்து ஒருவர் பேசினார்.

"டிஸ்க் ஃபுல்லாகி டேட்டாபேஸ் போயிருச்சுண்ணே."

"சரிப்பா, பேக்கப்ப எடுத்துப் போடு."

"பேக்கப்பும் அதே டிஸ்க்லதாண்ணே இருந்துச்சு."

தினமும் எடுத்த பேக்கப்பை அதே சர்வரில், அதே டிஸ்கில், பழையதை அழிக்காமல் அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். டிஸ்க் நிரம்பியதே அதனால்தான்! மீட்டெடுக்கத் தனிக் கட்டணம் 15,000 ரூபாய் என்றார்கள். ரெட்மைனில் எழுத்தெல்லாம் டேட்டாபேஸிலும், இணைத்த கோப்புகள் தனி ஃபோல்டரிலும் இருக்கும், இரண்டையும் பேக்கப் எடுக்க வேண்டும். இவர்கள் அந்த ஃபோல்டரைத் தொட்டதே இல்லை என்பது பேச்சோடு பேச்சாக வெளியே வந்தது. அப்புறம் எதற்கு 15,000? கொடுக்கவில்லை.

நிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் கருவியில் இருந்ததால் குழுவில் ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் முழு வரலாறும் இருந்தது. ஹோஸ்டிங் என்றதும் எல்லோரும் நிரலைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம், மாட்டிக்கொள்வது என்னவோ பக் டிராக்கர்தான். பெரிய இடத்திலும் இதே கதைதான். 2017 ஜனவரி 31-ல், பலரும் நிரல்களை வைத்துப் பராமரிக்கும் கிட்லேப் தளத்தில் ஊழியர் ஒருவர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்தபோது, நிரல் இருந்த கிட் களஞ்சியங்கள் தப்பின. ஆறு மணி நேரத்தில் பதிவான இஷ்யூக்களும் (கோளாறுப் பதிவுகளும்) கருத்துகளும் போயின. அவர்கள் நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்கே அறிவித்தார்கள். இங்கே போனைக்கூட எடுக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது ஜிமெயில். ரெட்மைனில் யாராவது ஒரு வரி எழுதினாலும் சம்பந்தப்பட்டவர்களுக்கு மெயில் போகும். அவரவர் மெயில் பெட்டியிலிருந்து அவற்றைத் திரட்டி, ஒரு சின்ன பைத்தான் நிரலால் எண்வாரியாகக் கோத்தோம். எழுத்து பெரும்பாலும் திரும்பிவிட்டது. போட்டோக்கள் போனது போனதுதான், மெயிலில் அவற்றின் இணைப்பு மட்டும்தான் இருந்தது.

இப்போது கோட்பெர்க் என்ற நிரல் தளத்தில் இருக்கிறோம். பெர்லினில் பதிவுபெற்ற லாப நோக்கற்ற சங்கம் நடத்துவது, ஃபோர்ஜெஜோ என்கிற கட்டற்ற மென்பொருளில் ஓடுகிறது. கிட்ஹப்பில் ஒரு நகல். எதுவும் நிரந்தரம் என்று நம்பி அங்கே போகவில்லை. கூகுள் நடத்திய நிரல் தளமான கூகுள் கோடே 2016-ல் மூடப்பட்டது, ஆனால் 2015-லேயே அறிவித்து, வெளியே எடுத்துப்போக வழியும் கொடுத்தார்கள். ஆகவே ஓர் இடத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது வெளியேறும் வாசலைத்தான். இஷ்யூக்களைக் கருத்துகளோடும் இணைப்புகளோடும் நாமே இறக்கிக்கொள்ள முடிகிறதா? ரெட்மைன் தரும் சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பில் முழு உரையாடல் வராது, படங்களும் வராது. ஏ.பி.ஐ. வழியாக, அதாவது ஒரு நிரல் எழுதி, எடுக்கலாம், ஆனால் அதை அட்மின் திறந்துவிட வேண்டும். எங்களுக்கு அட்மின் உரிமை கேட்டபோதெல்லாம் "செக்யூரிட்டி பாலிசிண்ணே" என்றுதான் பதில் வந்தது. யாரிடமாவது காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், முதல் மாதமே ஒரு பேக்கப்பைக் கேட்டு வாங்கி, உங்கள் லேப்டாப்பில் ரெட்மைனை நிறுவி அதில் ஏற்றிப் பாருங்கள். முகம் மாறினால் விட்டுவிடுங்கள்.

டொமைன் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. நாங்கள் காசு கொடுத்த டாட் இன் முகவரியை, டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூயிஸில் தேடினால், பதிவுதாரர் என்ற இடத்தில் அவர்கள் நிறுவனத்தின் பெயர் நிற்கிறது. டொமைனை வேறு இடத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீட்டை, ஆத் கோடை, தர மறுக்கிறார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஜி.எஸ்.டி. பில் கையில் இருப்பது பெரிய பலம்.

2015-ல், மென்பொருள்களை இறக்கக் கொடுக்கும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம், ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளின் விண்டோஸ் நிறுவியோடு விளம்பர மென்பொருளைச் சேர்த்துக் கொடுத்தது நினைவிருக்கும். ஒரு முகவரி அடுத்தவர் கையில் இருந்தால் அதில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். எங்கள் பழைய முகவரி அச்சான பில் வைத்திருக்கும் கடைக்காரர்கள் அதிலிருந்து எதையும் இறக்க வேண்டாம். புதிய முகவரியை மார்க்கெட்டில் கடை கடையாக ஒட்டிக்கொண்டு வருகிறோம்.