டிஎஃப்ஓ-வா, டிஎஃப்ஓ ஸ்டாரா?
கேன்சர் கட்டிய ஸ்கேன்ல பாக்க, அதத் தேடிப் போய் ஒட்டுற புரதமான ஆன்டிபாடிய உடம்புல ஏத்துவாங்க; அது கட்டிக்குப் போய்ச் சேர நாள்கணக்குல ஆகும், அதனாலதான் 78 மணி நேர அரை ஆயுள் (கதிர்வீச்சு பாதியாக் குறையுற நேரம்) இருக்குற சிர்கோனியம்-89-ங்கற கதிரியக்க உலோகத்த அதோட கோக்குறாங்க, ஆனா அந்த உலோகத்த யாரு இறுக்கிப் பிடிக்கிறதுங்கறதுதான் விஷயமே. இப்படிப் பிடிக்கிற மூலக்கூறுகள்ல டிஎஃப்ஓ பழைய ஆளு, தலசீமியாங்கற ரத்த நோய் இருக்கறவங்களுக்கு ரத்தம் ஏத்தி ஏத்தி உடம்புல சேர்ற இரும்ப வெளிய இழுக்குற அதே மருந்து. இரும்பப் பிடிக்க ஆறு கை, அதாவது ஆறு பிணைப்பு போதும், டிஎஃப்ஓ-கிட்ட இருக்குறதும் அவ்வளவுதான், சிர்கோனியம் எட்டு கேக்குது. பிடி தளர்ந்து கழண்டதுன்னா நேரா எலும்புல போய் ஒட்டிக்கும், ஸ்கேன்ல மூட்டு, முதுகெலும்பெல்லாம் பளிச்சுனு தெரியும், அது பரவுன கேன்சரா கழண்ட உலோகமான்னு டாக்டர் எப்படிப் பிரிப்பாரு சொல்லுங்க?

2014-ல வந்த டிஎஃப்ஓ ஸ்டார்ல கூடுதலா ஒரு ஹைட்ராக்ஸமேட் (உலோகத்த ரெண்டு கையால பிடிக்கிற பகுதி), எட்டு கையும் ஆச்சு. எலிகள்ல பாத்தப்ப எலும்புல சேர்றது நல்லாவே குறைஞ்சிருக்கு. தண்ணில சரியா கரையாது, அது ஒரு தலைவலிதான். ஆனா எலும்புல பரவியிருக்கான்னு தேடுற ஸ்கேனுக்கு நான் ஸ்டாரத்தான் சொல்வேன்.