அறுத்த காசு இல்லை, வார்த்த காசு

அப்பத்தாவின் சுருக்குப்பையில் மூன்று வெள்ளி ரூபாய் இருந்தது. மூன்றிலும் ஐந்தாம் ஜார்ஜ். அதில் ஒன்றை நானே பார்சல் கட்டி அனுப்பிப் பறிகொடுத்தேன். பழைய நாணயத்தை அறுத்து டாலர் செய்து தருகிறேன் என்று இன்ஸ்டாகிராமில் கடை விரித்திருப்பவர்களிடம் வீட்டுக் காசைக் கொடுக்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

அந்த வேலை பார்க்க அழகாகத்தான் இருக்கும். ராஜா தலையையும் ஓரத்து எழுத்தையும் விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் வெற்றிடத்தை மட்டும் அறுத்து எடுத்துவிடுவார்கள். தலை அந்தரத்தில் நிற்கிற மாதிரி தெரியும். மகள் பிறந்தநாளுக்குச் செயினில் கோத்துத் தரலாம் என்று ஆசைப்பட்டேன். கூலி 2,800 ரூபாய், முன்பணம் 1,500. ஜிபேயில் போட்டேன். கூரியரில் காசும் போனது.

மூன்றே நாளில் டாலர் வந்துவிட்டது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்த வேலையில் முதலில் ஊசி போன்ற ட்ரில் பிட்டால் காசில் ஓட்டை போட வேண்டும். ரம்பத்தின் பிளேடு மயிர் கனம்தான் இருக்கும். அதன் ஒரு முனையைக் கழற்றி ஓட்டைக்குள் விட்டு, மறுபடி முறுக்கி மாட்டி, வரைந்த கோட்டிலிருந்து விலகாமல் அறுக்க வேண்டும். ஒரு இடம் முடிந்ததும் பிளேடைக் கழற்றி அடுத்த ஓட்டை. மெல்லிய பிளேடை மேலும் கீழும் ஓட்டி அறுக்கும் ஸ்க்ரோல் சா மெஷின் வைத்திருப்பவர்களும் காசைப் பலகைத் துண்டில் ஒட்டி, வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார்கள். அப்படியும் பிளேடு பட் பட்டென்று ஒடியும். போக வர கூரியர் நேரத்தைக் கழித்துப் பாருங்கள், வேலைக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும்?

டாலரில் வருஷம் 1918 என்றே இருந்தது. என் காசும் 1918தான். அதனால் சந்தேகமே வரவில்லை. அனுப்பும் முன் செல்போனில் எடுத்த படத்தை மகள்தான் பெரிதாக்கிப் பார்த்தாள். "அப்பா, நம்ம காசுல தாமரைக்குக் கீழ ஒரு புள்ளி இருக்கு. இதுல இல்லையே?" காசின் பின்பக்கத்தில் வரும் தாமரைக்குக் கீழே உள்ள அந்தப் புள்ளி பம்பாய் நாணயசாலையின் அடையாளம். கல்கத்தாவில் அடித்த ரூபாயில் அது இருக்காது. விளிம்பில் இருந்த சின்ன நெளிவையும் காணோம்.

டாலர் அனுப்பியவனுக்குப் போன் போட்டேன். "பாலிஷ் போட்டா அதெல்லாம் போயிடும் சார்" என்றான். புள்ளி பாலிஷில் போனால் அதை ஒட்டி இருக்கும் தாமரை மட்டும் எப்படி நின்றது? கேட்டதற்குப் பதில் இல்லை.

எடை போட்டுப் பார்க்கலாம் என்றால், இந்த ஏமாற்றின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. முழு ரூபாய் 11.66 கிராம், ஒரு தோலா. தேய்ந்திருந்தாலும் கொஞ்சம்தான் குறையும். அறுத்த பிறகு அந்தக் கணக்குச் செல்லாது. "வெட்டுனது போக மிச்சம் சார்" என்று சொல்லிவிடலாம். ஆனால் தண்ணீரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. 0.01 கிராம் வரை காட்டும் தராசில் டாலர் 7.74 இருந்தது. பிறகு தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, டாலரை நூலில் கட்டி அடியில் தட்டாமல் முக்கினேன். 0.90 காட்டியது. அது டாலர் விலக்கிய தண்ணீரின் எடை. 7.74ஐ 0.90ஆல் வகுத்தால் 8.6, அதாவது தண்ணீரைப் போல 8.6 மடங்கு கனம். 1939 வரை அடித்த ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம். அந்தக் காசு என்றால் விடை 10.3க்குப் பக்கத்தில் வர வேண்டும். 8.6 என்பது பித்தளையின் சுற்றுவட்டாரம். (1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், 1947 ரூபாய் வெறும் நிக்கல், காந்தத்தில் ஒட்டும். உங்கள் காசின் வருஷத்தைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.)

மறுநாள் மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வேலை செய்யும் பத்தரிடம் கொண்டுபோனேன். லென்ஸில் அறுத்த இடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ரம்பம் ஓடுன கோடே இல்ல. ஓட்டை போட்டு இறங்குன இடமும் இல்ல. மூலையெல்லாம் பாருங்க, மழுங்கிக் கிடக்கு. இது அறுத்த காசு இல்ல தம்பி, வார்த்த காசு." ஓரத்தை உரைகல்லில் தேய்த்தார். மேலே வெள்ளி முலாம், உள்ளே மஞ்சள். அச்சில் ஊற்றித் தயாராக வைத்திருந்த சரக்கு. 1918 சர்வசாதாரணமாகக் கிடைக்கும் வருஷம் என்பதால் பொருந்திப் போயிருக்கிறது.

வெட்டிய துண்டையும் பொடியையும் ஏன் கேட்டு வாங்கவில்லை என்று பத்தர் கடிந்துகொண்டார். நான் கேட்டேன். "அது வேஸ்ட் சார், குப்பைக்குப் போயிடும்" என்றான் அந்த ஆள். நகைப் பட்டறை வாசல் சாக்கடை மண்ணையே அள்ளிச் சலிக்கிறவர்கள் இருக்கிற நாட்டில் வெள்ளிப் பொடி குப்பைக்குப் போகுமாம். நகை வாங்கும்போது சேதாரத்துக்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற நான் அதையும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன் பாருங்கள்!

அவனுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இப்போது செலவழிக்கிற பத்து ரூபாய்க் காசையும் அறுத்து விற்கிறான். 2011 நாணயச் சட்டப்படி நாணயத்தைச் சிதைப்பது குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. சிதைத்த காசைக் கையில் வைத்திருப்பதையும் அதே பிரிவு தடுக்கிறது. அதனால் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

என்னை பிளாக் செய்துவிட்டான். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், 1930 சைபர் குற்ற எண்ணிலும் புகார் கொடுத்திருக்கிறேன். இதுவரை பணமும் வரவில்லை, காசும் வரவில்லை.

மிச்சம் இரண்டு ரூபாயையும் பத்தரே எதிரில் உட்கார வைத்து அறுத்துத் தருவதாகச் சொன்னார். மகள் வேண்டாம் என்றுவிட்டாள்.

பழைய காசு சேர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி. 1918, ஐந்தாம் ஜார்ஜ், தாமரைக்குக் கீழே புள்ளி, ராஜாவின் கிரீடத்துக்கு நேர் மேலே விளிம்பில் பல் பட்டது போல ஒரு நெளிவு. விற்பனைக்கு வந்தால் சொல்லுங்கள், என்னிடம் படம் இருக்கிறது.