மாலை வகுப்பா, பாடவேளையா?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஓக்லண்டுக்கு அருகே நான் கணிதம் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளியில், கறுப்பின மாணவர்கள் பாதியில் படிப்பை விடுவதைத் தடுக்க இரண்டு யோசனைகள் வந்தன. பள்ளி விட்டபின் தன்னார்வலர்கள் நடத்தும் வழிகாட்டல் வகுப்பு ஒன்று. கறுப்பின ஆண் ஆசிரியர் ஒருவர் பள்ளி நேரத்திலேயே எடுக்கும் தனிப் பாடவேளை மற்றொன்று. மாலை வகுப்புக்குச் செலவு குறைவு என்பதால் அதையே முதலில் தொடங்கினோம். ஓராண்டில் பாடவேளைக்கு மாறினோம்.

மாறியதற்குக் காரணம் கடிகாரம்தான். என் மாணவன் ஒருவன் பள்ளி விட்டதும் தொடக்கப் பள்ளியிலிருந்து தங்கையை அழைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வீடு சேர வேண்டியவன். இரண்டு முறை அவளையும் கூட்டிவந்தான். அவள் கடைசி பெஞ்சில் என் வரைபடத் தாள்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வாரம் அவன் வரவில்லை. இப்படி, யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள் ஒவ்வொருவராக நிற்க, ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களே மிஞ்சினார்கள். பாடவேளையிலோ வருகைப் பதிவு உண்டு, மதிப்பெண் உண்டு; எவனும் எதையும் விட்டுக்கொடுத்து வந்து உட்கார வேண்டியதில்லை.

ஓக்லண்டின் பொதுப்பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் 2010இல் கறுப்பின ஆண் மாணவர்களுக்கெனத் தனிப் பிரிவே தொடங்கி, இவ்வகை வகுப்பை விருப்பப் பாடமாக அட்டவணைக்குள் வைத்தது. அதை ஆராய்ந்து கல்வி ஆய்வாளர்கள் தாமஸ் டீயும் எமிலி பென்னரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, அம்மாணவர்களில் இடைநின்றோர் 43 விழுக்காடு குறைந்ததாகச் சொல்கிறது. ஆசிரியர் யார் என்பதற்கும் இதில் பங்கு உண்டு: வட கரோலினா மாநிலத்தில் 3 முதல் 5ஆம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த ஏழைக் கறுப்பினச் சிறுவர்களிடையே இடைநிற்றல் 39 விழுக்காடு குறைந்திருந்தது.

சிக்கலும் அங்கேதான். அமெரிக்கப் பொதுப்பள்ளி ஆசிரியர்களில் கறுப்பின ஆண்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. எங்கள் ஆசிரியர் வேலை மாறினால் வகுப்பு அன்றே நின்றுவிடும். மாலை வகுப்பில் ஒரு தன்னார்வலர் போனால் இன்னொருவர் வருவார். விருப்பப் பாடம் ஒன்றுக்கே இடமிருந்ததால், டிரம்பெட் வாசித்த ஒரு பையன் இசை வகுப்பை விட நேர்ந்தது; அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. தவிர, என் அனுபவம் இரண்டாண்டுதான்; முதல் அணி இன்னும் பள்ளியை முடிக்கவில்லை.

மாலை வகுப்பை அடியோடு மூடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பினர் கல்லூரி விண்ணப்பம் எழுதச் செவ்வாய்தோறும் அதே அறையைத் திறந்துவைக்கிறோம்.